எட்டு போடுவது வெறும் சடங்கா?

"ரோட்டில் யார் சார் எட்டு போடுகிறார்கள்? லைசென்ஸ் வாங்குவதற்கு அது ஒரு சடங்கு, அவ்வளவுதான்." நம் சங்கக் கூட்டங்களில் இளைஞர்களோடு பேசும்போது இந்த வார்த்தையைப் பல முறை கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும் வண்டி, அதற்கு ஒரு லைசென்ஸ், லைசென்ஸுக்கு ஒரு எட்டு. எட்டு முடிந்த மறுநாளே பிள்ளை நெடுஞ்சாலைக்குப் போய்விடுகிறான். இந்த எண்ணம் தவறு என்பதையும், பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிட அதிக ஆபத்தான தவறு என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தமிழில் நாம் எட்டு போடுகிறோம்; மலையாளத்தில் எட்டு எடுக்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் சோதனை ஒன்றுதான். நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே, காலைத் தரையில் ஊன்றாமல், எட்டு வடிவில் வண்டியை வளைத்து வரவேண்டும். கேரளத்தில் வெகுகாலம் இந்தச் சோதனைக்கென்றே ஒரு வண்டி இருந்தது. அதுதான் பஜாஜ் எம்-80. தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆன பிறகும், டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அதைப் பழுது பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். எடை குறைவு, உயரம் குறைவு, கியரைக் கையிலேயே மாற்றிக்கொள்ளலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல் அந்த வண்டி சோதனைத் திடலிலிருந்து விலக்கப்பட்டது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் கேட்பவர், காலால் கியர் மாற்றும் வண்டியில்தான் எட்டு போட்டுக் காட்டவேண்டும் என்று ஆகிவிட்டது. மாநிலம் முழுவதும் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் நல்ல மாற்றம் என்றே நான் சொல்வேன். எம்-80-இல் தேறிவிட்டு, மறுநாள் 195 கிலோ எடையுள்ள புல்லட்டில் ஏறியவருக்கு, தேறியது ஒன்று, ஓட்டுவது வேறொன்று.

ஆனால் வண்டியை மாற்றியதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பது அந்த ஒரு எட்டை மட்டும்தான். எந்தக் கம்பி வரும்போது ஹேண்டிலை எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பொருள் தெரியாமல் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையனைப் போல, அந்த ஒரு திடலில் அந்த ஒரு எட்டு மட்டும் வரும். வேறு இடத்தில் வேறு வளைவு வந்தால் கை நடுங்கும்.

நம் குடும்பங்களின் பயணங்களை எண்ணிப் பாருங்கள். பாலக்காடு, சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் பிழைப்பு நடத்துவது பெரும்பாலும் சமவெளியில்தான். வாளையார் வழியாகக் கோவைக்கும், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் போய் வருவது நேரான சாலைகளில். அதே பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நெல்லியாம்பதிக்கோ அட்டப்பாடிக்கோ கிளம்புகிறான். இல்லையென்றால் பொள்ளாச்சியைத் தாண்டி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வால்பாறைச் சாலையில் ஏறுகிறான். இடுக்கியில் இருப்பவர்களுக்கோ மலையை விட்டால் வேறு வழியே இல்லை. தேவிகுளம், மூணாறு, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்திலிருந்து பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டுமானால் போடிமெட்டில் இறங்கவேண்டும். போடிநாயக்கனூர் வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வண்டிப்பெரியாறு, பீர்மேட்டுக்காரர்கள் குமுளி வழியாகவும், நெடுங்கண்டம் பக்கத்தவர் கம்பம்மெட்டு வழியாகவும் இறங்குகிறார்கள். மறையூர், காந்தளூர்க்காரர்களுக்குச் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை.

மூணாறு–போடிமெட்டு சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை நன்றாக இருப்பதால் வண்டிகள் வேகமாக வருகின்றன. அந்த வேகத்தில் பழகிய கை, போடிமெட்டைத் தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகளைச் சந்திக்கிறது. காலை நேரமென்றால், தேனி மாவட்டத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகள் எதிரே வரிசையாக ஏறி வரும். மழைக்காலமானால் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இனி கொஞ்சம் எந்திரவியல். பயப்படவேண்டாம், சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு சக்கர வண்டி தானாக நிற்காது, ஓடும்போதுதான் நிற்கும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் சற்றுத் திரும்புவதால் வண்டி மறுபடி நிமிர்கிறது. வேகமாகப் போகும்போது ஹேண்டில் ஒரு நூலளவு திரும்பினால் போதும், வண்டியே அதைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். வேகம் குறையக் குறைய அந்தத் திருப்பம் பெரிதாக வேண்டியிருக்கிறது. மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில் வண்டி நமக்கு உதவி செய்வதே இல்லை. கிளட்ச், பின் பிரேக், பார்வை, உடம்பு நான்கையும் கொண்டு நாமே நிறுத்தவேண்டும். அதனால்தான் அறுபதில் பறப்பவன் ஆறில் தடுமாறுகிறான். வேகமாக ஓட்டுகிறான் என்பதால் ஒருவனுக்கு ஓட்டத் தெரியும் என்று முடிவுகட்ட முடியாது.

இதற்கு இடுக்கியிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு அதில் தனி ஆர்வம். மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் தேயிலை ஏற்றிச் செல்ல ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார்கள். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின் மேல். மாடுகள் இழுக்கும். மாட்டு நடையில் போகும் ஒற்றைத் தண்டவாள வண்டி தானாக நிமிர்ந்து நிற்காது என்பதால், பக்கவாட்டில் ஒரு சமநிலைச் சக்கரம் வைத்து அதைச் சாலையில் உருளவிட்டார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டு தண்டவாளம் உள்ள சிறு ரயில் பாதையாக மாற்றினார்கள். 1924 பெருவெள்ளத்தில் அதுவும் போய்விட்டது. இதே முறையில் பாட்டியாலாவில் ஓடிய ரயிலின் எஞ்சினை டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பக்கச் சக்கரம் கிடையாது. அதன் வேலையை ஓட்டுபவரின் பழக்கம்தான் செய்யவேண்டும்.

வளைவில் வண்டி எவ்வளவு சாயவேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பத்து மீட்டர் ஆரம் உள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் ஏறக்குறைய 17 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவில் 40 கிலோமீட்டரில் போனால் 50 டிகிரிக்கு மேல் சாயவேண்டும். சாதாரண வண்டியும் டயரும் சாதாரண சாலையில் அதைத் தாங்காது. வேகம் இரண்டு மடங்கானால் வளைவு கேட்கும் பக்கவிசை நான்கு மடங்காகிறது. ஆகவே கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத்தான் போக முடியும். மெதுவாகப் போகத் தெரியாதவனுக்கு அங்கே இரண்டே வழி: வேகமாகப் போய் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளப்படுவது, அல்லது மெதுவாகப் போய்க் கீழே விழுவது.

விழுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். வளைவின் நடுவில் எதிரே பஸ் வருகிறது. பஸ்ஸுக்கு முழு வளைவும் வேண்டும். அகலம் போதாத மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இறங்குகிற நம் பிள்ளை நடக்கும் வேகத்துக்குக் குறைக்கவேண்டும், அல்லது நிற்கவேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கிறது, சாலை சரிந்திருக்கிறது, பின்னால் தங்கையோ அம்மாவோ உட்கார்ந்திருக்கிறார்கள். பதற்றத்தில் கை முன் பிரேக்கை இறுக்குகிறது. ஹேண்டில் திரும்பிய நிலையில் முன்சக்கரம் சட்டென்று நின்றால், வண்டி அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். ஊன்றிய கால் சரிவில் தரைக்கு எட்டாது. ஏ.பி.எஸ். இருந்தாலும் இந்த விழுதலைத் தடுக்காது. சக்கரம் வழுக்காமல் காப்பதுதான் அதன் வேலை, வண்டியை நிமிர்த்திப் பிடிப்பதல்ல. மெதுவாகத்தானே விழுந்தான் என்று சொல்லிவிடலாம். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியுமா?

இதற்குப் பரிகாரம் பழக்கம் ஒன்றுதான். வேலையில் இருந்தவரை எனக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்படவில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன். வயதான உடம்பு சீக்கிரம் கற்றுக்கொள்ளாது. அதனாலேயே ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துப் பழக வேண்டியிருந்தது. அந்த வரிசையை அப்படியே தருகிறேன். வேண்டியதெல்லாம் ஒரு காலி மைதானம், பத்து செங்கல், ஒரு படி சுண்ணாம்புப் பொடி. ஹெல்மெட், முழுக்கால் சட்டை, ஷூ ஆகியவை மைதானத்திலும் கட்டாயம்.

முதலில் ஹாஃப் கிளட்ச். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, வண்டி நகர ஆரம்பிக்கும் அந்த இடத்தைக் கை கண்டுபிடிக்க வேண்டும். நகர்த்தி நிறுத்து, நகர்த்தி நிறுத்து என்று ஐம்பது முறை. அடுத்து, ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்தபடியே பின் பிரேக்கை மெல்ல மிதித்து, நடக்கும் ஆளோடு சமமாக நேர்கோட்டில் போவது. முன் பிரேக்கைத் தொடவேண்டாம். மூன்றாவது, செங்கல்லைச் சுற்றி வட்டம். முதலில் பெரிதாக, பிறகு சுருக்கி, இரண்டு பக்கமும். வலப்பக்கம் சுலபமாக வருபவருக்கு இடப்பக்கம் வராது. வராத பக்கத்தையே அதிகம் பழகவேண்டும். இங்கே கண்தான் முக்கியம். முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவோம். போகவேண்டிய இடத்தை, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். வண்டி உள்பக்கம் சாயும்போது உடம்பைச் சற்று வெளிப்பக்கம் வைத்துக்கொள்ளவேண்டும். இத்தனையும் வந்த பிறகுதான் எட்டு. அப்போது எட்டு என்பது இடமும் வலமுமான இரண்டு வட்டம், அவ்வளவே.

அதற்குப் பிறகு, டிரைவிங் ஸ்கூல்களில் பெரும்பாலும் சொல்லித் தராத இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, மேட்டில் நின்று கிளம்புவது: பின் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, கிளட்ச் பிடித்த பிறகே பிரேக்கை விடுவது. மற்றொன்று, இவை அனைத்தையும் பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்வது. ஐம்பது அறுபது கிலோ பின்னால் ஏறியதும் வண்டியின் குணமே மாறிவிடும். எல்.எல்.ஆர். காலத்தில் உரிமம் உள்ள பயிற்றுநரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது என்பதால், இந்தக் கடைசிப் பாடம் லைசென்ஸ் வந்த பிறகு. எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும் என்று சட்டம் வைத்திருக்கிறது. அந்த முப்பது நாளும் காலையில் அரைமணி நேரம் பழகினால் போதும்.

கியரில்லாத ஸ்கூட்டருக்கும் இது பொருந்துமா என்று நம் பெண்கள் கேட்பார்கள். பொருந்தும். கிளட்ச் இல்லாததால் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, பின் பிரேக்கால் வேகத்தை அடக்கவேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளுக்கெல்லாம் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம், ஏ.பி.எஸ். உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு. அப்படிப்பட்ட ஸ்கூட்டரில் இடது பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். ஆகவே திருப்பத்தில் விரல்நுனி அழுத்தம் போதும். இன்னொன்று, மலை இறக்கத்தில் ஸ்கூட்டரின் எஞ்சின், கியர் வண்டியைப் போலப் பிடித்துக் கொடுக்காது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறி, பிடிப்புக் குறையும். நடுவில் நிறுத்தி ஆறவிட்டு இறங்கவேண்டும். கியர் வண்டிக்காரர்கள் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும் இதே ஆபத்தை வரவழைப்பதுதான்.

வெளிநாடுகளில் இதை எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் தெரியுமா? ஜப்பானில் மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு ஒரு பலகைச் சோதனை உண்டு. பதினைந்து மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் கீழே இறங்காமல் போகவேண்டும். சாதாரண வண்டிக்கு ஏழு வினாடிக்குக் குறையாமலும், பெரிய வண்டிக்குப் பத்து வினாடிக்குக் குறையாமலும் போகவேண்டும். சீக்கிரம் முடித்தவருக்கு மதிப்பெண் குறையும். நம் ஊர்ப் பொங்கல் விளையாட்டில் வரும் ஸ்லோ சைக்கிள் ரேஸைத்தான், வேகமான வண்டிகளைச் செய்து உலகுக்கு விற்கும் நாடு சட்டமாக்கி வைத்திருக்கிறது.

"மெதுவாக ஓட்டியா சாகிறார்கள்? வேகத்தில்தானே சாகிறார்கள்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44-க்கு மேல், இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. மைதானத்தில் எட்டு போட்டதால் இவர்கள் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக்கும் மாற்று இல்லை. ஆனால் 1981-இல் அமெரிக்காவில் ஹர்ட் என்பவர் தலைமையில் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். விபத்து நடந்த 900 இடங்களுக்கு நேரில் போய் ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். முறையான பயிற்சி இல்லாதவர்கள். ஆபத்து வந்தபோது பலர் பின் பிரேக்கை மட்டும் இறுக்கி வழுக்கியிருக்கிறார்கள்; முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. எங்கே எந்த பிரேக், எவ்வளவு என்பதைக் கையும் காலும் மெதுவான வேகத்தில்தான் ஆபத்தில்லாமல் கற்றுக்கொள்ள முடியும். மைதானத்தில் நிதானம் பழகிய பிறகு, அங்கேயே நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்தி நிறுத்துவதையும் பழகவேண்டும்.

ரயில்வேயில் யாரையும் நேராக எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏற்றிவிடுவதில்லை. உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, ஷண்டிங் பார்த்து, கூட்ஸ் ஓட்டி, பாசஞ்சர் ஓட்டி, அதற்குப் பிறகுதான் மெயில், எக்ஸ்பிரஸ். ஷண்டிங்கில் வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாது. தண்டவாளம் வழிகாட்டும் வண்டிக்கே இத்தனை படிகள் வைத்திருக்கும்போது, தண்டவாளமே இல்லாத வண்டியில் பதினெட்டு வயதுப் பிள்ளையை ஒரே நாளில் மலைச் சாலைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

பதினெட்டு என்றேன். அதற்கும் குறைந்த வயதில் வண்டி கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பதினைந்து வயதுப் பையன் மாமாவின் எக்ஸ்.எல். வண்டியில் கடைக்குப் போய் வருவதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். பதினாறு வயதில் உரிமம் கிடைப்பது 50 சி.சி. வரையுள்ள, கியரில்லாத வண்டிக்கு மட்டுமே. இப்போது விற்கும் எக்ஸ்.எல். 100 அந்தக் கணக்கில் வராது. 2019 திருத்தச் சட்டப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்; வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து; பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சட்டத்துக்குப் பயந்தாவது நிறுத்தவேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். நம் சங்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒரு மைதானத்தை ஏற்பாடு செய்யட்டும். பள்ளி மைதானமோ, அறுவடை முடிந்து ஈரம் காய்ந்த வயலோ போதும். கோடு போடவும், செங்கல் அடுக்கவும், உடன் நின்று சொல்லித் தரவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் வருவோம்; எங்களுக்கும் காலைப் பொழுது நல்லபடி போகும். கூச்சத்தால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகத் தயங்கும் தாய்மார்களும் வரலாம். அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். பெற்றோர்களும் ஒன்று செய்யலாம். வண்டியின் சாவியை டெஸ்டில் தேறிய அன்று கொடுக்காதீர்கள். மைதானத்தில் முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் பதினைந்து மீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடு போட்டு, கோட்டைத் தொடாமல், கால் ஊன்றாமல், பத்து வினாடிக்குக் குறையாமல் வந்து காட்டச் சொல்லுங்கள். ஓர் அம்மாவோ அப்பாவோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். அதில் தேறியவன் போடிமெட்டில் இறங்கலாம்.

வரும் பொங்கல் விளையாட்டு விழாவில், ஸ்லோ சைக்கிள் ரேஸோடு ஒரு ஸ்லோ பைக் ரேஸையும் சேர்க்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். லைசென்ஸும் ஹெல்மெட்டும் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. கடைசியாக வந்து சேருபவருக்கு முதல் பரிசு. அந்தப் பரிசுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.